கடலோரம் சார்

கறுப்புத் திரையில் ஏழெட்டு வரி வெள்ளை எழுத்து. கடைசி வரியின் முனையில் ஒரு சின்னக் கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. கடையைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு கம்ப்யூட்டரைப் போட்டேன். அது அங்கேயே நின்றுவிட்டது. பெட்டிக்குள்ளிருந்து டக், டக் என்று ஒரு சத்தம், பல்லி கத்துவது போல, ஆனால் நிற்காமல். அந்தக் காலை நேரத்தை இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் ஒரு மனுஷியின் ஏழு வருஷ உழைப்பு இருந்தது.

ஒரத்தநாட்டில் பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் என் கடை. ஜெராக்ஸ் எடுப்பது, மனு அடித்துக் கொடுப்பது, கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை என்று எழுத்து சம்பந்தப்பட்ட எல்லாம் உண்டு. வருகிறவர்கள் எல்லாரும் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து செருகுவார்கள். அதோடு வைரஸும் வரும். மாதத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டர் படுத்துக்கொள்ளும். ஒரு பொங்கலுக்கு ஊருக்கு வந்த என் தம்பி, "இனிமே உனக்கு இந்தத் தொல்லையே வேண்டாம்" என்று சொல்லி, பழைய இயங்குதளத்தை அழித்துவிட்டு, வைரஸ் அவ்வளவாக அண்டாத லினக்ஸைப் போட்டுக் கொடுத்தான். கூடவே அதற்கான ஓர் இணையக் குழுவிலும் என்னைச் சேர்த்துவிட்டான். "சந்தேகம் வந்தா இங்க கேளு. தமிழ்லயே பதில் சொல்வாங்க" என்றான். மறுநாள் அவன் ரயிலேறிப் போய்விட்டான். நானும் ஒரு புது உலகமும் தனியாக உட்கார்ந்திருந்தோம்.

நான் அங்கே கேட்ட முதல் கேள்வியை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஏதோ ஒரு மென்பொருளைப் போடுவதற்கு அது கடவுச்சொல் கேட்டது. தட்டுகிறேன், தட்டுகிறேன், திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு கெட்டுப்போய்விட்டது, என்ன செய்வது என்று எழுதினேன். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. "கெடலங்க. அங்க எழுத்து கண்ணுக்குத் தெரியாது, ஆனா உள்ள போயிட்டுத்தான் இருக்கும். நம்பி அடிச்சுட்டு என்டர் தட்டுங்க." தட்டினேன். வேலை செய்தது. பதில் எழுதியவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'கடலோரம்' என்று இருந்தது. படமாக, மணலில் ஏற்றி நிறுத்திய ஒரு படகு.

"நன்றி கடலோரம் சார்" என்று எழுதினேன். குழுவில் எல்லாரும் அப்படித்தான் அழைத்தார்கள்.

அதற்குப் பிறகு நான்கு வருஷம், என் கடையில் எது நின்றாலும் அவரிடம்தான் ஓடினேன். பிரிண்டர் பாதித் தாளைத் துப்பிவிட்டு உட்கார்ந்துகொண்டபோது, தமிழ் எழுத்தில் கொம்பெல்லாம் தனியாகப் பிரிந்து போய் ஒரு வட்டத்துக்குப் பக்கத்தில் நின்றபோது, திடீரென்று சத்தமே வராமல் போனபோது. மற்றவர்கள் எதையாவது பத்து வரி எழுதி "இதைப் போடுங்க" என்பார்கள். இவர் அப்படிச் செய்யமாட்டார். முதலில் கேட்பார். எப்போதிலிருந்து இப்படி? அதற்கு முன்னால் என்ன மாற்றினீர்கள்? திரையில் என்ன வாசகம் வருகிறது, ஒரு எழுத்து விடாமல் சொல்லுங்கள். "அது ஏதோ சொல்லுதுங்க. நாமதான் படிக்காம மூடிடறோம்" என்பது அவர் அடிக்கடி எழுதும் வரி. அவருடைய பொறுமை எனக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒரே கேள்வியை மூன்றாவது தடவை கேட்பவரிடமும் முதல் தடவை கேட்டது போலவே பேசுவார். ஓய்வு பெற்ற பேராசிரியராக இருக்க வேண்டும், அல்லது கப்பலில் வேலை பார்த்த எஞ்சினியராக இருக்க வேண்டும் என்று நானாகவே ஓர் உருவம் செய்து வைத்திருந்தேன். நரைத்த மீசை, மூக்குக் கண்ணாடி எல்லாம் அதில் உண்டு.

அந்தக் காலைக்கு வருகிறேன். பெட்டிக்குள் இருந்தது ஒரு ஆய்வேடு. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் படித்தார். குத்தாலத்திலிருந்து கடற்கரை வரை ஊர் ஊராகப் போய், வாய்க்காலுக்கும் மதகுக்கும் நாற்றங்காலுக்கும் விவசாயிகள் வைத்திருக்கும் சொற்களையெல்லாம் சேகரித்து எழுதியது. கையால் எழுதிக் கொடுப்பார், நான் அடிப்பேன், அவர் திருத்துவார், மறுபடி அடிப்பேன். திருத்தம் ஏற்றிய பிறகு கைப்பிரதியை வீட்டில் எடைக்குப் போட்டுவிட்டார். பத்து நாளில் ஒப்படைக்க வேண்டும். தவறினால் அவருடைய பதிவுக்காலம் முடிந்துவிடும். நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு எடுக்கலாம், நாளைக்கு எடுக்கலாம் என்று மூன்று மாதத்தை ஓட்டியிருந்தேன்.

திரையைப் போனில் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். உடனே இரண்டு பேர் வந்துவிட்டார்கள். பழுதுபார்க்கும் கட்டளையைக் கொடுத்து, எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று சொல்லிவிடுங்கள் என்றார் ஒருவர். அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், அரைமணி நேர வேலை என்றார் இன்னொருவர். நான் முதலாவது ஆள் சொன்னதை எழுத்துக் கூட்டி அடித்துக்கொண்டிருந்தேன். என்டர் தட்ட வேண்டியதுதான் பாக்கி. போனில் கடலோரத்திடமிருந்து தனிச்செய்தி வந்து விழுந்தது.

"எதையும் தொடாதீங்க. பெட்டில சத்தம் வருதா?"

"டக் டக்னு வருது சார்."

"மொதல்ல கரண்ட நிப்பாட்டுங்க. டிஸ்க்கே போயிட்டிருக்கு. இப்ப சரிபண்றேன்னு எழுதினா மிச்சமும் போயிடும். நீங்க எந்த ஊரு?"

ஊரைச் சொன்னேன். "நான் அதிராம்பட்டினம். நாளைக்குக் காலையில வர்றேன். அதுவரைக்கும் போடாதீங்க" என்று வந்தது.

டீச்சரிடம் அன்று சாயங்காலமே போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அஞ்சாவது அத்தியாயமும் அதுலதான் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

மறுநாள் ஒன்பது மணிக்கெல்லாம் கடைவாசலில் நின்று, பட்டுக்கோட்டையிலிருந்து வரும் ஒவ்வொரு பேருந்திலும் நரைத்த மீசையைத் தேடிக்கொண்டிருந்தேன். கறுப்புப் பர்தா போட்ட ஒரு பெண் பையோடு வந்து படியில் நின்றாள். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். "ஜெராக்ஸா ம்மா? மெஷின் ஓடும், கம்ப்யூட்டர்தான் ஓடாது" என்றேன்.

"தெரியும்க்கா. அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்றாள். என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "சார எதிர்பார்த்தீங்களா?"

நானும் ஒரு பெண். அந்தச் சந்தில் சொந்தமாகக் கடை வைத்து நடத்துகிற ஒரே பெண். "முதலாளி இல்லீங்களா?" என்று என்னிடமே கேட்கிறவர்களைத் தினமும் பார்க்கிறவள். அப்படிப்பட்ட நானும் நான்கு வருஷமாக ஒரு மீசையைத்தான் வரைந்து வைத்திருந்தேன். அந்த வெட்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

அவள் பையிலிருந்து ஒரு பென்டிரைவையும் ஒரு வெளி டிஸ்க்கையும் எடுத்தாள். பென்டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரைத் துவக்கினாள். கெட்டுப்போன இடங்களில் முட்டிக்கொள்ளாமல், நல்ல இடங்களை முதலில் நகலெடுத்துக்கொண்டு போகும் ஒரு கருவியை ஓடவிட்டாள். "நோயாளி கையில எவ்வளவு நேரம் இருக்குன்னு தெரியாதுல்ல? கெடைக்கறத மொதல்ல எடுத்துக்குவோம்" என்றாள். திரையில் ஓர் எண் மெதுவாக ஏறியது. டக், டக் சத்தம் வரும்போதெல்லாம் எண் நின்றுவிடும், நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம், மறுபடி நகரும். மத்தியானம் ஆகிவிட்டது. அவள் கொண்டுவந்திருந்த, அவர்கள் ஊர் அரிசிமாவுப் பலகாரமான இறால் வாடாவைப் பிரித்து வைத்தாள். என் வீட்டிலிருந்து தயிர்சாதம் வந்தது. அந்தச் சாப்பாட்டு நேரத்தில்தான் அவள் கதை எனக்குத் தெரிந்தது.

அவளுடைய கணவர் துபாயில் இருக்கிறார். கல்யாணமான புதிதில் வீடியோவில் பேசுவதற்காக ஒரு பழைய லேப்டாப்பை அனுப்பிவைத்தார். அது அடிக்கடி நின்றது. பழுதுபார்க்கக் கொடுத்தால் படங்களெல்லாம் பிறர் கண்ணில் படும் என்று தானே கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். குழுவில் சொந்தப் பெயரில்தான் சேர்ந்தாள். முதல் கேள்விக்கு வந்த முதல் பதில், "வீட்டுல அண்ணன், தம்பி யாராவது இருந்தா அவங்கள உக்காரச் சொல்லுங்க" என்பது. அதன் பிறகு தனிச்செய்திகள். சாப்பிட்டாச்சா, எந்தத் தெரு, போட்டோ அனுப்புவீர்களா. ஒரு வாரத்தில் வெளியே வந்துவிட்டாள். படகுப் படத்தோடு மறுபடி உள்ளே போனாள். "அன்னிலேருந்து ஒரு ஆளும் சாப்பிட்டாச்சான்னு கேக்கலக்கா" என்று சொல்லிச் சிரித்தாள்.

சாயங்காலம் நான்கரை மணிக்கு நகல் முடிந்தது. சில கோப்புகள் உடைந்திருந்தன, ஆய்வேடு இருந்தது. டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்து பின்னால் நின்றார். ஒவ்வொரு அத்தியாயமாகத் திறந்தது. ஐந்தாவது மட்டும் திறக்கவில்லை. டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவள் மறைந்திருக்கும் கோப்புறைகளைத் துழாவி, மென்பொருள் தானாகவே சேமித்து வைத்திருந்த ஒரு பழைய பிரதியைக் கண்டுபிடித்தாள். பதினோரு பக்கம் குறைந்தது. அந்தப் பதினோரு பக்கத்தை டீச்சர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ஒப்படைக்க வேண்டிய தேதிக்கு முதல் நாள் ஆய்வேடு போய்ச் சேர்ந்தது.

இதுவரை சொன்னதில் நான் செய்த தப்பு ஒன்றுதான், நகல் எடுக்காதது. இரண்டாவது தப்பு இனிமேல்.

டீச்சருக்குப் பட்டம் உறுதியான அன்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குழுவில் ஒரு நீண்ட நன்றிப் பதிவு எழுதினேன். நடந்ததையெல்லாம் விவரித்து, கடைசியில், "நாம் எல்லாரும் சார் சார் என்று அழைப்பவர் சார் இல்லை, ஒரு தங்கச்சி. அதிராம்பட்டினத்தில் வீட்டிலிருந்தபடியே நமக்கெல்லாம் பதில் சொல்கிறாள்" என்று பெருமையாக முடித்தேன். எழுதும்போது கண் கலங்கியது கூட நினைவிருக்கிறது. அவளைக் கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. பாராட்டுதானே, அதற்கு என்ன அனுமதி என்று நினைத்தேனோ, எதையும் நினைக்கவே இல்லையோ, தெரியவில்லை. கைதட்டுப் படங்கள் குவிந்தன. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் படகு இருந்த இடம் காலியாக இருந்தது. அவள் கணக்கையே அழித்துவிட்டிருந்தாள். போன் செய்தேன், எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன், படித்துவிட்டதாகக் காட்டியது, பதில் இல்லை.

மூன்று வாரம் பொறுத்தேன். பிறகு கடையை ஒருநாள் பூட்டிவிட்டு அதிராம்பட்டினத்துக்குப் பேருந்து ஏறினேன். அவளைத் திருப்பிக் கூட்டிவர வேண்டும் என்றுகூட நினைக்கவில்லை. நேரில் நின்று பேச்சு வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவள் மாமியார் கதவைத் திறந்தார். "ஒரத்தநாட்டக்காவா? வாங்க, வாங்க. கம்ப்யூட்டர் பொழச்சுடுச்சாமே" என்று உள்ளே அழைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். மருமகளைப் பற்றிப் பெருமையாக அரைமணி நேரம் பேசினார். அந்த வீட்டில் அவளுக்கு ஒரு தடையும் இல்லை என்பது புரியப் புரிய எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவளை ஒளிந்துகொள்ள வைத்தது வீடு அல்ல, நாங்கள்.

மாடியில் அவள் அறையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். "தப்புப் பண்ணிட்டேன் தங்கச்சி" என்றேன். வேறு எதையும் சேர்க்கத் தோன்றவில்லை.

அவள் கோபப்படவில்லை. லேப்டாப்பைத் திறந்து, கணக்கை அழிப்பதற்கு முன்பு சேமித்து வைத்திருந்த ஒரு பக்கத்தைக் காட்டினாள். "நாலு வருஷமா நான் சொன்னத ஒருத்தரும் சந்தேகப்படலக்கா. நீங்க எழுதின மறுநாள் ஒரு கேள்விக்குப் பதில் போட்டேன். கீழ பாருங்க. மூணு பேரு வந்து, இது சரிதானா, யாராவது தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு கேக்கறாங்க. பதிலு அதே பதிலுதான்." திரையை என் பக்கம் திருப்பி, "அப்ப தனிச்செய்தியில தப்பாப் பேசினவங்களக்கூட விட்டுடுவேன். இதுதான் தாங்கல" என்றாள்.

என்னால் அழமுடியவில்லை, அழுதால் அவள் எனக்கு ஆறுதல் சொல்லும்படி ஆகிவிடும். தலையைக் குனிந்துகொண்டு அந்த மூன்று வரிகளையும் படித்தேன். மூன்று பேரையும் எனக்குத் தெரியும். மூன்று பேருமே அவளிடம் பலமுறை உதவி வாங்கியவர்கள்.

அன்று கிளம்பும்போது அவளே ஒரு வழி சொன்னாள். "நான் அங்க வரமாட்டேன். ஆனா பாவம், மாட்டிக்கிட்டு நிக்கறவங்க வருவாங்க. யாரும் பதில் சொல்லாத கேள்வி இருந்தா எனக்கு அனுப்புங்க. நான் சொல்றத உங்க பேர்ல போட்டுடுங்க." நான் வேண்டாம் என்றேன். "பேரு யாருதா இருந்தா என்ன, மெஷின் ஓடட்டும்" என்றாள். ஆனால் அதைச் சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்படி ஒன்றரை வருஷம் நடந்தது. பாதியை நானே புரிந்துகொண்டு எழுதினேன், பாதி அவள் சொன்னது. ஒரத்தநாட்டு அக்கா கெட்டிக்காரி என்று குழுவில் பெயர் பரவியது. ஒவ்வொரு நன்றியும் எனக்கு முள் போலக் குத்தியது.

இன்று அவள் அதே குழுவில் சொந்தப் பெயரில் எழுதுகிறாள். பெண்கள் பலரும் அப்படி எழுதுகிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு இதில் சொல்லத்தக்க விஷயம் ஏதும் இருப்பதாகவே தெரியாது. அது எப்படி நடந்தது என்பதை அன்று தஞ்சாவூரில் இருந்தவர்கள் மட்டும் அறிவார்கள்.

அங்கேதான் குழுவினர் முதல்முறையாக நேரில் கூடினார்கள். ஒரு கல்லூரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறுபது எழுபது பேர். பழைய கம்ப்யூட்டர்களைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். பதினோரு மணிக்கு ஒருங்கிணைப்பாளர் மேடையேறி, குழுவில் அதிகம் உதவியவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தப்போவதாகச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். போர்த்திக்கொண்டால் திருட்டு. உண்மையைச் சொன்னால் இரண்டாவது முறையும் அவளைக் கேட்காமல் காட்டிக்கொடுத்ததாக ஆகும். "ஒரு நிமிஷம் சார், ஒரு போன் பண்ணிக்கறேன்" என்று மேடைக்குக் கீழே நின்றபடியே அவளை அழைத்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தங்கச்சி, எனக்குப் பொன்னாடை போத்தப் போறாங்க. நான் என்ன செய்யட்டும்? நீ சொல்றதுதான். வாங்கிக்கச் சொன்னா வாங்கிக்கறேன், ஓடி வரச் சொன்னா ஓடி வந்துடறேன்."

அந்தப் பக்கம் மீன்காரர் ஒருவர் கூவிக்கொண்டு போவது கேட்டது.

"மைக் இருக்காக்கா?"

"இருக்கு."

"போன அதுக்குப் பக்கத்துல வைங்க. நானே சொல்லிக்கறேன்."

மேடையேறி மைக்கின் முன்னால் போனைப் பிடித்தேன். என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. அவள் முதலில் சலாம் சொன்னாள். பிறகு தன் பெயரைச் சொன்னாள். "நாலு வருஷம் கடலோரம்ங்கற பேர்ல எழுதினது நான்தான். அக்கா பேர்ல ஒன்றரை வருஷமா வந்ததுலயும் பாதி நான் சொன்னது. பாதி அக்காவே எழுதினது, அதுக்கு அவங்களுக்குப் போத்துங்க. நான் சொன்னதுல ஏதாவது தப்பா இருந்து, யாருக்காவது மெஷின் கெட்டிருந்தா இப்ப சொல்லுங்க. கேட்டுக்கறேன்."

அந்த மூன்று பேரில் ஒருவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைதட்டுவார்களா, எழுந்து போய்விடுவார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் மடிக்கணினியை இடுக்கிக்கொண்டு எழுந்தார். அருகே வந்து, போனுக்குப் பக்கத்தில் குனிந்து, "அம்மா, நான் மன்னார்குடியிலேருந்து வர்றேன். எனக்கு வைஃபையே காட்டமாட்டேங்குதும்மா. நாலு மாசமாச்சு" என்றார்.

"புதுசாப் போட்டதுலேருந்தா, இல்ல முன்ன வந்து இப்ப நின்னுடுச்சா?" என்றாள் அவள்.

மண்டபம் முழுக்கச் சிரித்தது. சிரித்துக்கொண்டே இரண்டு பேர் எழுந்து அவர் பின்னால் வந்து நின்றார்கள். பிறகு இன்னும் நான்கு பேர். ஒருங்கிணைப்பாளர் பொன்னாடையை மேசையில் வைத்துவிட்டு, வரிசையை ஒழுங்குபடுத்தப் போய்விட்டார். மூன்றாவது வரிசைக்காரரும் கடைசியில் எழுந்து, வரிசையின் முனையில் போய் நின்றார்.

போன் சூடாகிவிட்டது. கை வலிக்க ஆரம்பித்தது. சாப்பாடு தயார் என்று யாரோ வந்து சொன்னார்கள், ஒருவரும் நகரவில்லை.

"அக்கா, இன்னும் எத்தன பேரு நிக்கறாங்க?" என்று கேட்டாள்.

எண்ணிப் பார்த்தேன். "ஒம்போது பேரு."

"சரி, அடுத்தவங்கள வரச் சொல்லுங்க" என்றாள். நான் போனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன்.